கண்ணாடி இல்லாத கேமரா

அத்தியாயம் 5

சேஷன் நான்கு மாதமாக ஒரு கேமரா வாங்கிக்கொண்டிருந்தார். வாங்கிவிட்டார் என்று அவசரப்பட்டு எண்ணிவிடக் கூடாது, வாங்கிக்கொண்டிருந்தார். கிழக்கேகோட்டையில் பஸ்கள் திரும்பும் இடத்துக்கு எதிரே, மாடியில் இருந்த அவருடைய துப்பறியும் நிலையத்தில் அதற்கென்றே ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. எது சட்டைப் பையில் அடங்கும், எது சாரலைத் தாங்கும், எதில் கண்ணை வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் உண்டு, எதில் பின்பக்கத் திரை மட்டும்தான் என்று எல்லாவற்றையும் சுத்தத் தமிழில் எழுதி வைத்திருந்தார். நேற்று மதியம் முழுக்க ‘மிரர்லெஸ்’ என்ற சொல்லோடு மல்லுக்கட்டி, கடைசியில் ‘கண்ணாடி இல்லாத கேமரா’ என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டார்.

“பழைய பெரிய கேமராவுக்குள்ளே ஒரு கண்ணாடி உண்டு, லிபி. அதை எடுத்துட்டா கேமரா சின்னதாயிடும். அதாக்கும் விஷயம்,” என்றார்.

“நம்ம ஆபீஸில கேமராவே இல்லியே சாரே. அது அதையும் விடச் சின்னது,” என்றாள் லிபி.

லிபிதான் அந்த நிலையத்தின் ஒரே உதவியாளர். நெய்யாற்றின்கரையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். இருபத்தொன்பது வயது, மைனஸ் மூன்று பவரில் மூக்குக் கண்ணாடி, அடங்காத வாய். சேஷனைப் போல அவள் படித்துப் படித்துப் பழுக்கவில்லை. அதனால் கண்ணில் பட்டது பட்டபடியே மனதில் நின்றது.

இன்று வெள்ளிக்கிழமை. காலை பதினொரு மணிக்கு இருவரும் சாலைக் கடைத்தெருவில், கிருஷ்ணகுமாரின் ஜவுளிக்கடையில் நின்றுகொண்டிருந்தார்கள். சேஷனின் கையில் நிஜமாகவே ஒரு சின்ன மிரர்லெஸ் கேமரா இருந்தது. வந்த காரியத்தை ஒரு நிமிஷம் மறந்து அவர் அதைத் தடவிப் பார்த்ததை லிபி கவனித்தாள்.

“சாமி, இதை வச்சாக்கும் திருடியிருக்கா,” என்றார் முதலாளி கிருஷ்ணகுமார்.

விஷயம் இதுதான். ஓணத்துக்கு இன்னும் இரண்டு வாரம். இந்த வருஷத்துக்கென்று அவர் தங்கச் சரிகைக் கரை போட்ட ஒரு புதுக் கசவுப் புடவை இறக்கியிருந்தார். கரை முழுக்க முருங்கைப் பூ. பெங்களூர் டிசைனர் போட்டுக் கொடுத்தது என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார். ஆனால் புடவையை யாருக்கும் காட்டவில்லை. மாடி அறையில் பூட்டி வைத்து, ஞாயிற்றுக்கிழமை வெளியிடுவதாக இருந்தார். நேற்றுக் காலையில் எதிர்ச்சாரிக் கடைக்காரர் அதே முருங்கைப் பூவை ஆள் உயர ஃபிளெக்ஸில் அடித்துத் தொங்கவிட்டு, புக்கிங்கும் தொடங்கிவிட்டார்.

“மாடிக்குப் போறது அஞ்சு பேரு. நான், கேஷியர் வெங்கிடேஷ், பொதி எடுக்கிற ரெண்டு பேரு, பின்ன இவ. அஞ்சு பேருல கேமரா பிடிக்கத் தெரிஞ்சது இவளுக்கு மட்டும்தான்.”

இவள் என்றது ஆர்ஷாவை. ஆன்லைன் விற்பனைக்குப் புடவைகளைப் படம் எடுப்பதற்காகப் பாறசாலையிலிருந்து வேலைக்கு வந்தவள். துணிப்பொதிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தார்கள். காலையிலிருந்து அவளோடு ஒருவரும் பேசவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. அதைப் பார்த்ததும் லிபிக்குக் கோபம் வந்தது.

“நான் எடுக்கல அக்கா,” என்றாள் ஆர்ஷா. “போன வாரம் புதன் மத்தியானம் வரைக்கும் கேமரா நல்லாத்தான் இருந்து. வியாழக்கிழமை காலத்த கண்ணு வச்சுப் பாத்தா எல்லாம் ஒரே மங்கல். அப்பவே மொதலாளிகிட்ட சொன்னேன்.”

“கேட்டீரா சாமி? டிசைனையும் குடுத்தா, கேமராவையும் கெடுத்தா!” என்றார் கிருஷ்ணகுமார். “சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல போலீஸ் ஸ்டேஷனில பராதி குடுப்பேன். பின்ன சாலையில ஒரு கடையிலயும் இவ ஏற முடியாது.”

அது வெறும் மிரட்டல் அல்ல. இந்தத் தெருவில் ஒரு கடையில் கிளம்பிய பேச்சு டீ ஆறுவதற்குள் மறு கோடிக்குப் போய்விடும்.

லிபி வாசலுக்கு வந்து எதிர்க் கடை ஃபிளெக்ஸை நிதானமாகப் பார்த்தாள்.

“சாரே, அந்தப் புடவைக்குச் சார்ஜ் பாதிதான் இருக்கு.”

“என்ன உளறறே?”

“வலது பக்கம் கீழே மூலையில பாருங்க. பேட்டரி படம்.”

சேஷன் பார்த்தார். முருங்கைப் பூக்களுக்கு அடியில், பாதி தீர்ந்த ஒரு பேட்டரி சின்னம் சாந்தமாக உட்கார்ந்திருந்தது. யாரோ கேமராவில் படம் எடுத்திருக்கிறார்கள். அதைப் போனுக்கு மாற்றத் தெரியாமல், கேமராவின் பின்பக்கத் திரையையே போனால் படம் பிடித்திருக்கிறார்கள். எதிர்க் கடைக்காரருக்கு இருந்த அவசரத்தில் அதையும் சேர்த்தே அச்சடித்துவிட்டார்.

“ஆர்ஷா தினம் ஐம்பது படம் வயரில்லாம போனுக்கு மாத்துறவ. அவ எதுக்கு இந்தப் பாடு படணும்?” என்றாள் லிபி.

“அது நம்மள ஏமாத்த வேணும்னே செஞ்ச தந்திரம்,” என்றார் கிருஷ்ணகுமார். ஒருத்தியைத் திருடி என்று முடிவு கட்டிய பிறகு, அவளுக்குச் சாதகமானதெல்லாம் தந்திரமாகத்தான் தெரியும்.

*

ஜவுளிக்கடை மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே செல்லபாயின் சாயாக் கடை. அறுபது வயதுக்காரி, குரலுக்கு மைக் வேண்டாம். சேஷன் துப்பறியும் தோரணையில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, போன வாரம் புதன்கிழமை மாடியில் யாரையாவது பார்த்தாளா என்று கேட்டார்.

“பாத்தேனே சாமி. மத்தியானம் உச்சைக்கு ஜன்னலுகிட்ட நின்னு படம் எடுத்தது. கண்ணாடி இல்லாத்த ஒரு கேமரா ஆளு. புதுசாட்டு இருந்து. நான் முன்ன பாத்திட்டில்ல.”

சேஷனின் முகம் மலர்ந்ததை லிபி பார்த்தாள். நான்கு மாதத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை அவள் கண்டதில்லை.

“கேட்டியா லிபி? கண்ணாடி இல்லாத கேமரா! மிரர்லெஸ்! நான் நேத்து எழுதின அதே வார்த்தை!”

“பின்ன சாமி, அந்த ஆளு…” என்று செல்லபாய் தொடங்குவதற்குள் சேஷன் தெருவில் இறங்கிவிட்டார்.

“சாரே, சாயாக் கடை அம்மச்சிக்கு மிரர்லெஸ் எல்லாம் எப்படித் தெரியும்?”

“இந்த ஊர்ல எல்லாரும் பேப்பர் படிக்கறவா, லிபி. சாதாரணமா எடை போடப்படாது. புது ஆள், கையில மிரர்லெஸ். அப்படின்னா வெளியிலேர்ந்து வந்த தொழில்காரன். இந்த ஊர்ல மிரர்லெஸ் வச்சிருக்கறவன் எல்லாம் யாருகிட்ட வாங்கியிருப்பான்?”

“நீங்க நாலு மாசமா வாங்காத கடையில.”

*

ஓவர்பிரிட்ஜ் பக்கத்தில் பிரஜினின் கேமராக் கடை. போய்ச் சேருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சேஷனைக் கண்டதும் பிரஜின் கண்ணாடி அலமாரியின் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். வெளியே எடுத்துக் காட்டிய பதினேழு கேமராக்களையும் அவன் மறந்திருக்கவில்லை.

“சார் இன்னைக்கும் வாங்க வரலியே?”

“இன்னிக்கு விசாரணை. உன்கிட்ட மிரர்லெஸ் வாங்கினவா லிஸ்ட் வேணும்.”

“கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போறவங்க மட்டும் இருநூறு பேரு இருப்பாங்க. எழுதிக்கிறீங்களா?”

சேஷன் பேனாவைத் திறந்தார். அவர் நிஜமாகவே எழுதத் தொடங்கிவிட்டார் என்பதைக் கண்டு லிபி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டே முக்கால். பாறசாலைப் பெண் இன்னும் அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருப்பாள்.

“பிரஜின், அதை விடு. இந்தக் கேமராவுக்கு என்ன கேடுன்னு பாரு,” என்று கையோடு வாங்கி வந்திருந்த ஜவுளிக்கடைக் கேமராவைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள்.

பிரஜின் வியூஃபைண்டரில் கண்ணை வைத்தான். “மங்கலாத்தான் இருக்கு.” பின்பக்கத் திரையைப் பார்த்தான். “இது பளிச்சுன்னு இருக்கு.” ஒரு படம் எடுத்துப் பார்த்தான். “படமும் நல்லாயிருக்கு. இதென்ன கூத்து?”

லிபியின் மூக்குக் கண்ணாடியில் மழைத்துளி. அதைக் கழற்றி, துப்பட்டா நுனியில் துடைத்தபடியே, சும்மா இருக்க முடியாமல் கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தாள்.

எதிரே மாட்டியிருந்த விலைப்பட்டியலின் கடைசி வரிவரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். மங்கல். கழற்றினாள். தெளிவு.

“எனக்கு வெறுங்கண்ணுக்கு நல்லாத் தெரியுதே!”

பிரஜின் கேமராவை வாங்கித் திருப்பி, வியூஃபைண்டருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குட்டிச் சக்கரத்தை விரலால் தொட்டுக் காட்டினான். “கண்ணாடி போடுறவங்க இந்தச் சின்ன ஓட்டையில கண்ண ஒட்டி வைக்க முடியாது, கண்ணாடி இடிக்கும். அதுக்காக இந்தச் சக்கரம். கண்ணாடியக் கழட்டிட்டு, அவங்க பவருக்குத் தக்கபடி திருப்பிக்கலாம். யாரோ அவங்க கண்ணுக்குத் திருப்பி, அப்படியே விட்டுட்டுப் போயிருக்காங்க. அது உங்க கண்ணுக்கும் சேருது. கேமராவுக்கு ஒரு கேடும் இல்ல.”

அப்படியானால் ஆர்ஷா சொன்னது அத்தனையும் உண்மை. லிபிக்கு அந்த இடத்திலேயே ஒரு குதி குதிக்க வேண்டும் போலிருந்தது.

சேஷன் அவசரமாக நோட்டைப் புரட்டினார். நாற்பத்தொன்றாம் பக்கத்தில், ‘கண் பவருக்கேற்பத் திருகும் சக்கரம்’ என்று அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. பக்கத்தில் ‘நமக்குத் தேவையில்லை’ என்றும் இருந்தது. அவர் நோட்டை மூடினார்.

“ஜவுளிக்கடையில கண்ணாடி போடறவா ரெண்டு பேர். முதலாளி, கேஷியர்,” என்றார் சற்றுத் தணிந்த குரலில்.

“ரெண்டு பேரும் பில் வாசிக்கத்தான் கண்ணாடிய எடுக்குறாங்க, சாரே. தெருவில போற பஸ் போர்டு அவங்களுக்கு வெறுங்கண்ணுக்கே தெரியும். இது என்னப் போல, கண்ணாடி இல்லேன்னா பஸ்ஸே தெரியாத கண்ணு. முதலாளி சொன்ன அஞ்சு பேருல அப்படி ஒரு ஆளே இல்ல.”

சொல்லிவிட்டு அவள் கையிலிருந்த தன் கண்ணாடியைப் பார்த்தாள்.

“கண்ணாடி இல்லாத்த ஒரு கேமரா ஆளு,” என்று மெல்லச் சொன்னாள்.

சேஷன் பேனாவை மூடினார். “லிபி,” என்றார். “கண்ணாடி கேமராவுக்கு இல்லையா, ஆளுக்கு இல்லையா?”

“அதைத்தானே சாரே கேக்காம ஓடி வந்தோம்?”

*

“கேமராவுக்கு எதுக்கு மக்களே கண்ணாடி?” என்று செல்லபாய் சிரித்த சிரிப்பில் சாயா குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். “ஆளுக்காக்கும் கண்ணாடி இல்லாத்தது! முதல்ல பாத்தப்ப மொதலாளி வீட்டு அம்மைன்னு நெனச்சேன். அதே நிறம், அதே கொண்டை. ஆனா அவிய கண்ணாடி போடாம நான் ஒரு நாளும் கண்டிட்டில்ல. செரி, வேற ஆருன்னு விட்டேன். அதைச் சொல்ல வந்தப்பத்தானே சாமி ஓடிப் போச்சு?”

சேஷன் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு சாயா வாங்கிக் குடித்தார். அவருக்கு அது வேண்டியிருந்தது.

லிபி ஜவுளிக்கடைக்குள் போய்க் கேஷியர் வெங்கிடேஷிடம் கேட்டாள்: “உச்சைக்கு மாடிக்கு யாரு போவாங்க?”

“ஒருத்தரும் போகமாட்டாங்க.”

“முதலாளிக்குச் சோறு?”

“அதை அம்மா வீட்டிலேர்ந்து கொண்டு வருவாங்க. மேல வச்சுக் குடுப்பாங்க.”

“அப்ப அம்மா மாடிக்குப் போவாங்க.”

வெங்கிடேஷ் அவளை வினோதமாகப் பார்த்தார். “அம்மா போறதெல்லாம் ஒரு போறதா?”

*

முதலாளியின் மனைவி பிரேமா மாடி அறையில் எவர்சில்வர் டிபன் கேரியரை அடுக்கிக்கொண்டிருந்தாள். தடித்த கண்ணாடி. கீழே ஒரு பெண் காலையிலிருந்து குற்றவாளியாக உட்கார்ந்திருப்பதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவளிடம் எதையும் சொல்வது அந்தக் கடையின் வழக்கமில்லை.

“அம்மாவுக்குக் கண்ணு எவ்வளவு பவர்?” என்று லிபி கேட்டாள்.

“மைனஸ் மூணரை. ஏன் பிள்ளே?”

லிபி எல்லாவற்றையும் சொன்னாள். பிரேமா மறுக்கவில்லை. “அந்தப் பிள்ளையையா சொன்னாவ?” என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள். பிறகு அவளாகவே சொன்னாள். “என் போனுல எடுத்தா கசவு மஞ்சப் பொடி கணக்கா இருக்கு. கேமராவுல எடுத்தா தங்கமாட்டுத் தெரியும்னு இவுக சொல்லிக்கிட்டே இருப்பாவ. எடுத்தேன். இவுக சாப்பிட மேல வரதுக்கு முன்ன, ஒரு வீடியோ பாத்து அந்தச் சக்கரத்தையும் திருப்பினேன். போனுக்கு மாத்தத்தான் தெரியல. அதான் பின்னால போன வச்சு எடுத்துட்டு, கேமராவுல இருந்தத அழிச்சேன். நாகரோயில்ல அக்காவுக்கு மட்டும்தான் அனுப்பினேன். அவ சந்தோஷத்துல ஸ்டேட்டஸ் வச்சிருக்கா. அத எவன் எவன் பாத்தானோ!”

“அக்காவுக்கு எதுக்கு அனுப்பினீங்க?”

பிரேமா அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய மாதக் காலண்டர் தாளை எடுத்தாள். அதன் பின்பக்கம் முழுக்கப் பென்சிலில் முருங்கைப் பூ. அழித்து அழித்து வரைந்த காம்புகள். ஓரத்தில், எந்த இழை எந்த நிறம் என்று சின்னச் சின்ன எழுத்தில் குறிப்பு.

“நான் வரஞ்சதுல்லா. நெய்து வந்த பிறகு எப்படி இருக்குன்னு அவளுக்காவது காட்ட வேண்டாமா?”

படியேறி வந்து வாசலில் நின்றிருந்த கிருஷ்ணகுமார் மின்விசிறியைப் பார்த்தார்.

“பெங்களூர்ல எந்த இடம் சார், அந்த டிசைனருக்கு?” என்று லிபி மிகவும் பணிவாகக் கேட்டாள்.

அவர் நேராக உள்ளே வந்தார். சேஷனின் தோளில் கை வைத்தார். “சாமி, இது வீட்டு விஷயமாட்டு ஆயிப்போச்சு. ரிப்போர்ட்டுல யாரோன்னு எழுதும். பராதியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அந்தப் பிள்ளைய நான் மன்னிச்சிருதேன்.”

சேஷன் நோட்டைத் திறந்தார், யோசித்தார், மூடினார். “யாரோன்னு எழுதறதுக்கா என்னைக் கூப்பிட்டேள்? அது நான் வராமலே தெரியுமே,” என்றார். நான்கு மாதத்தில் முதல் தடவையாக லிபிக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

கிருஷ்ணகுமார் காத்திருக்கவில்லை. விறுவிறுவென்று கீழே போனார். ஓண நெருக்கடி, கடையில் பதினைந்து இருபது பேர் புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, பெருந்தன்மை தெரியும் குரலில் சொன்னார்: “ஆர்ஷா, எழும்பு. போட்டும், விடு. மன்னிச்சாச்சு. போய் வேலையப் பாரு.”

ஆர்ஷா எழுந்தாள். வேலையைப் பார்க்கப் போகவில்லை.

“என்னத்துக்கு சார் மன்னிச்சீங்க?”

கிருஷ்ணகுமார் வாயைத் திறந்தார். எதைச் சொன்னாலும் பொய்யாகும், அல்லது மனைவியின் பெயர் வரும். புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் புடவையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

“அவ எடுக்கல,” என்றது படியிலிருந்து ஒரு குரல். பிரேமா இறங்கி வந்துகொண்டிருந்தாள். “படம் எடுத்தது நான். இந்தப் பிள்ளைமேல பழி போட்டது தப்பு. அத இவுக வாயால சொல்லட்டும்.”

முன்னாலேயே இறங்கி வந்திருந்த லிபி கை கட்டிக்கொண்டு வாசலை அடைத்தாற்போல நின்றாள். முதலாளி வெளியே நழுவ வேறு வழி இல்லை.

“ஆர்ஷா எடுக்கல,” என்றார் கிருஷ்ணகுமார். “நான் தப்பாட்டு சொல்லிட்டேன். வீட்டுல தெரியாம செஞ்ச தப்பு இது. போதுமா?”

ஆர்ஷாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை. ஆனால் அவள் பார்வை பிரேமாவின் கையில் இருந்த காலண்டர் தாளில் போய் நின்றது. அந்தக் கரையை நாற்பது கோணத்தில் படம் எடுத்தவள் அவள். ஒரு பார்வை போதும்.

“அம்மா என்ன தப்பு செஞ்சாவ?” என்றாள் கண்ணைத் துடைத்தபடி. “இந்தப் பூவு ஆரு சார் வரஞ்சது?”

சாயாத் தட்டோடு வந்த செல்லபாய் லிபிக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

“எங்க வீட்டுல…” என்று முணுமுணுத்தார் கிருஷ்ணகுமார்.

“கேக்கல,” என்றாள் செல்லபாய், தெருவுக்கே கேட்கும்படி. “வீட்டுல ஆருன்னு அந்தப் பிள்ள கேக்குதில்லியா? அவியளுக்குப் பேரு உண்டுல்லா மொதலாளி?”

உண்டு. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் கடைக்குள் அவர் அதை உச்சரித்ததில்லை. ‘ஏய்’ என்பார், ‘வீட்டுல’ என்பார், ‘அவ’ என்பார். இப்போது சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் உதவிக்கு வரவில்லை.

“பிரேமா,” என்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எதிர்க் கடைக்குக் கேட்கும் குரலில் மறுபடி சொன்னார்: “பிரேமா வரஞ்சது.”